உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலையில் தெய்வம் வரைந்த ஓவியம்

குறுந்தொகையின் 89ஆம் பாட்டில் ஒரு பெண் உரலில் தானியம் குத்தியபடி பாடுகிறாள். ஊரார் அதையும் பழி பேசுகிறார்கள். அவள் அழகுக்குப் புலவர் பரணர் காட்டும் உவமை, கொல்லிமலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் எழுதிய பாவை! அன்றாட வீட்டு வேலையும் கற்பனை ஓவியமும் ஏழே அடிகளில் சேர்ந்துவிடுகின்றன. எனக்கு இது தமிழின் பெரிய அதிசயங்களில் ஒன்று. காற்று, இடி, நிலநடுக்கம் எதுவும் அந்தப் பாவையின் உருவைக் குலைக்காது என்கிறது நற்றிணை 201.

அந்த மலையை நாமும் வரையலாம். நீர்வண்ணம் அந்தப் பாவைபோல் உறுதியானதல்ல, ஆனால் மலைக்கு ஏற்றது. முதலில் பென்சில் கோடு: கிராஃபைட் நீரில் கரையாது, மேலே வண்ணம் ஏறினாலும் கோடு தெரியும். 1792-93இல் தென் தமிழகம்வரை பயணித்த ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் பென்சிலும் நீர்வண்ணமுமாகவே காட்சிகளைப் பதிந்தார்கள். பாபநாசம் அருவியும் அவற்றில் உண்டு.

கொல்லிமலைப் பனிமூட்டத்துக்கு வெள்ளை வண்ணமே வேண்டாம். அந்த இடத்தில் தாளை வெறுமையாக விட்டு, ஓரத்தை ஈரத்தூரிகையால் கலைத்தால் போதும். மழைக்காலத்தில் தாள் மெதுவாகத்தான் காயும். பொறுக்காமல் அடுத்த பூச்சு ஏற்றினால் பச்சை கலங்கிச் சேறாகிவிடும்.