உப்பு மறுத்த கடையும் திராட்சை மறுத்த கையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மளிகைக் கடை என்றதும் நம் நினைவுக்கு வருவன அரிசியும் பருப்பும்தான். ஆனால் அந்தக் கடை வாசலில் அரசியலும் நிற்பதுண்டு. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று மக்கள் கூடி முடிவு செய்யும்போது, சில்லறைக் காசும் வாக்குச் சீட்டாகி விடுகிறது. இதனைப் புறக்கணிப்பு என்கிறோம். நம் தாத்தாக்கள் காலத்தில் பகிஷ்காரம் என்றார்கள். அது எவ்வாறு வேலை செய்கிறது, எப்போது நியாயமாகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இதில் எனக்கு அக்கறை ஏற்பட ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா சிறுவனாக இருந்தபோது, அறுவடைக் கூலி நெல்லில் ஒரு படி கூட்டிக் கேட்டதற்காக எங்கள் தெருவுக்கே ஊரில் கட்டுப்பாடு போட்டார்கள். வேலை கிடையாது என்பதோடு நிற்கவில்லை; மளிகைக் கடையில் சாமானும் கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்பாயி உப்பு வாங்க நாலு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போய் வந்தாராம். “கையில காசு இருந்துச்சுப்பா, உப்புதான் கிடைக்கல” என்று அப்பா இன்றும் சொல்வார். ஆகவே புறக்கணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கசப்புத்தான் தோன்றும். அந்தக் கசப்பை மாற்றியது, அமெரிக்காவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் வரலாறு.

கலிபோர்னியா மாநிலத்தில் டெலானோ என்று ஓர் ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1965 செப்டம்பர் 8 அன்று, மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் லாரி இட்லியாங் என்பவரின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அடுத்த வாரமே, சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்ட்டா ஆகியோர் நடத்திவந்த மெக்சிக்க வழித் தொழிலாளர்களின் சங்கமும் அவர்களுடன் சேர்ந்துகொண்டது. இரு சங்கங்களும் 1966-இல் ஒன்றாயின.

ஆனால் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்து வெல்வது எளிதன்று. முதலாளிகள் வெளியூர்களிலிருந்து ஆள் கொண்டுவந்து பழத்தைப் பறித்துவிட்டார்கள். அப்படியென்றால் அவர்களை எங்கே பிடிப்பது? பழத்தை எங்கே வேண்டுமானாலும் பறிக்கலாம். ஆனால் விற்க வேண்டிய இடம் நகரத்துக் கடைதானே! திராட்சை நெல்லைப் போலக் குதிரில் கிடக்காது; நாள் கடந்தால் அழுகிவிடும். எனவே தொழிலாளர்கள் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன் முதலிய நகரங்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். கடை வாசலில் நின்று, வந்த மக்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

முதலில் ஜியுமாரா என்ற பெரிய நிறுவனத்தின் பழத்தை மட்டும் வாங்க வேண்டாம் என்றார்கள். அந்நிறுவனமோ மற்றத் தோட்டங்களின் பெயர்ச்சீட்டுகளை ஒட்டித் தன் பழத்தை அனுப்பிவிட்டது. எது யாருடைய பழம் என்று வாங்குபவர் எப்படி அறிவார்? ஆகவே 1968-இல் கோரிக்கையைச் சுருக்கினார்கள்: கலிபோர்னியாத் திராட்சை எதுவுமே வேண்டாம்! இதற்குப் பின்னரே போராட்டம் சூடு பிடித்தது.

சேஃப்வே போன்ற பெரிய மளிகைக் கடைகளின் வாசலில் மறியல் நடந்தது. இங்கே கடைக்காரரின் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சாமான்களில் திராட்சை ஒன்றே ஒன்று. ஆனால் வாசலோடு திரும்பிப் போகும் ஒருவரால் கடை இழப்பது திராட்சை விற்பனையை மட்டுமன்று. அவர் வாங்கவிருந்த கூடை முழுவதையும். அந்தக் கணக்குப் புரிந்தால் திராட்சையை அகற்றுவதே இலாபம் என்று தோன்றும் அல்லவா?

இதில் வியப்பான ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. தொழிற்சங்க உரிமை தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தது. அதைத் திருத்திய 1947-ஆம் ஆண்டுச் சட்டம், தகராறில் நேரடித் தொடர்பில்லாத கடைகளைத் தொழிற்சங்கங்கள் புறக்கணிக்கச் செய்வதற்குத் தடை விதித்தது. ஒதுக்கப்பட்டவர்களை அந்தத் தடையும் கட்டுப்படுத்தவில்லை! மூடிய கதவே அவர்களுக்கு வழியாயிற்று.

எதிர்ப்பும் குறைவில்லை. 1968 தேர்தலில் நின்ற ரிச்சர்ட் நிக்சன் எல்லோரும் காணத் திராட்சை தின்று காட்டினார். இராணுவத்துக்கும் திராட்சை மிகுதியாக வாங்கப்பட்டது. தொழிலாளர்களில் சிலருக்குப் பொறுமை குலைந்து வன்முறையில் மனம் சென்றபோது, காந்தியடிகளின் வழியைப் போற்றிய சாவேஸ் 1968-இல் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தார்.

முடிவில் 1970 ஜூலை 29 அன்று ஜியுமாராவும் மற்ற டெலானோ முதலாளிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மணிக்கு 1.80 டாலர் கூலி, பெட்டிக்கு 20 சென்ட் கூடுதல். வேதியியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது இன்னொரு விதி: தோட்டங்களில் டி.டி.டி. தெளிக்கக் கூடாது. அந்த மருந்து நீரில் கரையாது. உடலின் கொழுப்பில் தங்கிவிடும். அமெரிக்க அரசு பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அதைத் தடை செய்தது 1972-இல்தான். அரசாங்கத்துக்கு முன்பே கூலிக்காரர்கள் அதைச் சாதித்திருக்கிறார்கள்!

வெற்றி நிலைத்ததா? 1973-இல் ஒப்பந்தம் முடிந்தபோது பல முதலாளிகள் வேறொரு சங்கத்துடன் கை கோத்துக்கொண்டார்கள். மீண்டும் போராட வேண்டியதாயிற்று. 1975-இல் கலிபோர்னியா அரசு சட்டம் இயற்றிய பின்னரே, தம் சங்கத்தை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. புறக்கணிப்பு கதவைத் திறக்கும். திறந்த கதவு மூடாமல் தடுக்கச் சட்டமும் வேண்டும்.

இப்போது எங்கள் தெருவின் கதைக்கு வருகிறேன். இரண்டிலும் மளிகைக் கடைதான் ஆயுதம். அப்படியானால் வேறுபாடு என்ன? டெலானோத் தொழிலாளர்கள் வாங்குபவரை வேண்டினார்கள், மிரட்டவில்லை. மறுத்தவர் திராட்சை வாங்கிக்கொண்டு போகலாம். கடைக்காரருக்கும் ஒரு வழி விட்டார்கள்: திராட்சையை அகற்றினால் மறியல் இல்லை. எங்கள் ஊரிலோ உப்பு விற்க நினைத்த கடைக்காரருக்கும் அனுமதி இல்லை. அப்பாயிக்கும் வழி இல்லை. திராட்சை இல்லாமல் ஒருவர் வாழலாம், உப்பில்லாமல் முடியுமா? ஆகவே எவராவது “அந்தக் கடைக்குப் போகாதீர்கள்” என்று சொன்னால் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். என்ன செய்தால் இது முடியும்? சேர மறுப்பவருக்கு உரிமை உண்டா? இதனால் பட்டினி கிடக்கப் போவது யார்?

விடுமுறையில் இந்த வரலாற்றை அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அஞ்சு வருஷம் அந்த ஜனங்க எதைச் சாப்பிட்டாங்க?” என்றார். மற்றச் சங்கத்தாரும் தேவாலயத்தாரும் கல்லூரி மாணவர்களும் உணவுப் பொருள்களைச் சேகரித்து வண்டிகளில் டெலானோவுக்குக் கொண்டுபோனார்கள் என்றேன். “படிக்கிற பிள்ளைங்களா?” என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பின் அப்பா வெகு நேரம் எதுவும் பேசவில்லை.