இறந்தவரின் கார் கடன் தீர்ந்ததா?

கடனில் வாங்கிய காரின் உரிமையாளர் இறந்துவிட்டால், அதைப் பெயர் மாற்றவோ விற்கவோ முனையும் வாரிசுகள் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, கடன் முழுவதும் அடைந்துவிட்டதா என்பதைத்தான். கடைசித் தவணையைக் கட்டியாயிற்று என்று வீட்டார் நினைவில் வைத்திருப்பது சான்றாகாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவு ஆகிய இரண்டிலும் அது முடிந்திருக்க வேண்டும்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்போதிகேஷன் என்ற இடத்தில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கார் கடனுக்கு ஈடாக இருப்பதாகப் பொருள். வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் இன்றைய நிலையையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயர் இருப்பதாலேயே பாக்கி உண்டு என்று முடிவுகட்ட முடியாது. கடனை அடைத்த பலர் பதிவை நீக்காமல் விட்டுவிடுகிறார்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை கழிந்து வந்திருக்கிறதா, எப்போது நின்றது என்பதும் நல்ல துப்பு. இறப்பைத் தெரிவித்ததும் வங்கி கணக்கை முடக்கிவிடும். அதன்பின் வரும் தவணைகள் திரும்பி, அபராதம் ஏறும். எனவே கடன் கொடுத்தவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

அடுத்து, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், வாரிசின் அடையாள ஆவணம், ஆர்.சி. நகல் ஆகியவற்றுடன் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு: முழுக் கணக்கு அறிக்கை, கடன் முடிந்த கடிதம், என்.ஓ.சி. எனப்படும் ஆட்சேபணையின்மைச் சான்று, நிறுவனத்தின் கையொப்பமும் முத்திரையும் உள்ள படிவம் 35. கிளையில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பித் திரும்பிவிடக் கூடாது. அசல் முழுவதும் அடைந்தபின்னும், தாமதக் கட்டணமாக நிற்கும் சிறு தொகை கணக்கைத் திறந்தே வைத்திருக்கும். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். அப்படி இருந்தால், அந்தத் தொகையே பாக்கியை அடைக்கக்கூடும்.

பாக்கி இருப்பதாகத் தெரிந்தால் அச்சம் வேண்டாம். இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் அவரது கடனுக்கு வாரிசு பொறுப்பல்ல. இணைந்து கடன் வாங்கியவரும் ஜாமீன் கையெழுத்திட்டவரும் மட்டும் தாம் ஒப்புக்கொண்டபடி முழுப் பொறுப்பாளிகள். ஆனாலும் கார் மீது நிறுவனத்துக்குள்ள உரிமை பாக்கி தீரும்வரை நீங்காது.

கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவுகளில் உள்ள உரிமையையும் நீக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு. நிறுவனத்தால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் பெற்றவர் இறந்தால் ஆவணங்களை வாரிசுகளிடம் தருவதற்கான முறையையும் நிறுவனம் வகுத்திருக்க வேண்டும். புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வாரிசு 30 நாட்களுக்குள் இறப்பைத் தெரிவித்தால் மூன்று மாதம் வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 35ஐயும் ஆட்சேபணையின்மைச் சான்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஹைப்போதிகேஷன் நீக்கப்படும். காப்பீட்டுப் பாலிசியிலும் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கி, வாரிசின் பெயரைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் விபத்து இழப்பீட்டில் சிக்கல் எழும்.

புதிய ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வாரிசின் பெயர் மட்டும் வந்துவிட்டால் வேலை முடிந்தது. கடன் முடிந்த கடிதத்தையும் கணக்கு அறிக்கையையும் மட்டும், கார் கைமாறும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.