கைதட்டலில் காணாமல் போன ஓய்வூதியம்

2012 செப்டம்பர் 24 இரவு, சியாட்டில் மைதானம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி வீச்சு. உயரப் பறந்து வந்த பந்தை சீஹாக்ஸ், பேக்கர்ஸ் என இரு அணிக்காரர்களும் கட்டிப் பிடித்தபடி விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற நடுவர்களில் ஒருவர் சீஹாக்ஸுக்குப் புள்ளி தரும் டச்டவுன் என்று கையைத் தூக்க, இன்னொருவர் வேறு சைகை காட்டினார். 14-12 என்று சீஹாக்ஸ் வென்றதாக அறிவித்ததும் நாடே கொதித்தது. அவர்கள் தற்காலிக நடுவர்கள். வழக்கமான நடுவர்கள் 121 பேரை, ஆட்டங்களை நடத்தும் என்எஃப்எல் லீக் ஜூன் மாதமே கதவடைப்பில் வெளியே நிறுத்தியிருந்தது. சண்டையின் மையம் ஓய்வூதியம்.

ஓய்வுக்குப்பின் இவ்வளவு தொகை நிச்சயம் என்ற பழைய முறையைக் கைவிட்டு, ஆண்டுதோறும் கணக்கில் பணம் போடுகிறோம், வளர்ந்தாலும் தேய்ந்தாலும் உங்கள் பாடு என்றது லீக். 2003 ஏப்ரல் முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் வந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. என்எஃப்எல் நடுவர்கள் பகுதிநேரக்காரர்கள்தானே, வேறு தொழிலும் உண்டு, 2011-இல் சராசரியாக 1,49,000 டாலர் வாங்கியவர்கள்தானே என்று கேட்கலாம். சரி. ஆனால் சம்பளம் செய்த வேலைக்குக் கூலி. ஓய்வூதியமோ, சேரும்போது கொடுத்த வாக்கு. நாட்டில் பெரும்பாலோருக்கு இது இல்லை, எனக்கும் இல்லை என்றார் லீக் தலைவர் ராஜர் குடெல். ஊரில் பலருக்குக் குடை இல்லை என்பதற்காக இருப்பவரின் குடையைப் பிடுங்குவது என்ன நியாயம்? சந்தை சரிந்தால் தாங்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் ஈட்டிய லீக்குக்கு அது சிறு சுமை. தனி மனிதருக்கோ முதுமையே ஆட்டம் கண்டுவிடும்.

சியாட்டில் அவமானத்துக்குப் பின் இரண்டே நாளில் உடன்பாடு வந்தது. 27-ஆம் தேதி பால்டிமோரில் பழைய நடுவர்கள் களமிறங்கியபோது ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடுவர்கள் வென்றார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். சம்பளம் உயர்ந்தது உண்மை. 2019-க்குள் சராசரி 2,05,000 டாலர் என்று பேசி முடித்தார்கள். ஓய்வூதியத்தில் கிடைத்தது தவணை மட்டுமே. பணியில் இருந்தவர்களுக்குப் பழைய முறை 2016 பருவம் வரை, அல்லது 20 ஆண்டுச் சேவை முடியும் வரை. புதிதாகச் சேர்வோருக்கு அதுவும் கிடையாது. 2017 முதல் எல்லோருக்கும் பங்களிப்புக் கணக்குதான்.