காட்டில் குடில் போடும்போது...

ஆடி பிறந்தாலே எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரே பேச்சுதான்: "சொரிமுத்தையனார் கோயில்ல இந்த வருஷம் எத்தனை நாள் தங்க விடுறாங்களாம்?"

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற வழியில், காட்டுக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், ஆற்றோரம் குடில் போட்டு, பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்து வருவது தலைமுறை வழக்கம். என் மாமியார் காலத்தில் பத்து நாள்கூட இருப்பார்களாம். இப்போது வனத்துறை சில நாட்கள்தான் அனுமதிக்கிறது.

"நம்ம சாமியைக் கும்பிட இவங்க யாரு கணக்குச் சொல்ல?" என்று என் நாத்தனார் சண்டைக்கே வருவாள். அவள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தக் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். புலியும் யானையும் கரடியும் அதே ஆற்றில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். ராப்பகலாக அடுப்புப் புகையும் பாட்டுச் சத்தமுமாக நாம் கரையை அடைத்துக்கொண்டால் அதுகள் எங்கே போகும்? திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பதும் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தானே!

அதற்காக, யாருமே தங்கக் கூடாது என்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஆற்றுச் சத்தம் கேட்டுத் தூங்கின பிள்ளைக்குத்தான் அந்த ஆற்றின் மேல் பாசம் வரும். நாள் குறையட்டும், வழக்கம் நிற்க வேண்டாம்.

குடிலில் அடுப்படி நம் கையில்தானே இருக்கிறது? தட்டு, டம்ளர் எல்லாம் எவர்சில்வரே கொண்டு போங்கள். பாலித்தீன் பையைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அளவாகச் சமையுங்கள், மிச்சத்தை வெளியே கொட்டினால் ராத்திரி பன்றி வந்து நிற்கும், குரங்குக்கும் அந்த ருசி பழகிவிடும். குடிலுக்குக் கம்பும் தார்ப்பாயும் வீட்டிலிருந்தே போகட்டும். கிளை வெட்ட அரிவாளோடு கிளம்பும் ஆண்களை நீங்கள்தான் அதட்ட வேண்டும்! ஆற்றில் சோப்பு, ஷாம்பூ வேண்டாம். முழுகிவிட்டுப் பழந்துணியை ஆற்றோடு விடுகிறார்களே, அது பாறை இடுக்கில் சிக்கி அங்கேயே நாறுகிறது. எந்தச் சாமி அதைக் கேட்டது?

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒன்று. டயப்பர் மண்ணில் மக்காது. புதைத்தாலும் பன்றி தோண்டிவிடும். பழைய வேட்டியைக் கிழித்துப் பத்துப் பதினைந்து துணி எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்கானதை ஆற்றில் அலசாமல், இறுக்கமான மூடி போட்ட வாளியில் போட்டு வீட்டுக்கே கொண்டு வந்து துவையுங்கள்.