கருனியும் தொடக்க ஏற்றியும்: வீட்டுக் கணினியின் ஆளுகை பற்றிய சில குறிப்புகள்

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில், விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு பணிசெயல் முறைமைகளையும் ஒரே கணினியில் நிறுவியிருந்தோர் பலர், லினக்ஸ் தொடங்க மறுத்து, பாரதூரமான தவறு நிகழ்ந்துவிட்டதென்ற அறிவித்தலை மாத்திரம் காட்டி நின்றுவிடுவதைக் கண்டனர். லினக்ஸில் அவர்கள் எம்மாற்றமும் செய்திருக்கவில்லை. அம்மாதம் 13 ஆந் திகதி மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸுக்கென வெளியிட்ட இற்றைப்படுத்தலே காரணமாயிற்று. இரு முறைமைகள் கொண்ட கணினிகளை அது தீண்டாது என அந்நிறுவனம் முன்னரே கூறியிருந்தமை குறிப்பிடத்தக்கது. கணினி ஒருவருடைய உடைமை. அதில் எது தொடங்கலாம் எனத் தீர்மானித்தவர் பிறிதொருவர். இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்குக் கணினி விழித்தெழும் முதற் சில விநாடிகளில் நிகழ்வதை அறிதல் அவசியமாகும்.

கருனி என்பது பணிசெயல் முறைமையின் மையப் பகுதி. நினைவகத்தைப் பங்கிடுவதும், செயலியின் நேரத்தை நிரல்களுக்கு வழங்குவதும், வன்பொருளோடு அவை கொள்ளும் தொடர்பை நடத்துவதும் அதுவே. ஆயின் மின்சாரம் பாயும் கணத்தில் கருனி வன்தட்டில் வெறுமொரு கோப்பாகவே கிடக்கிறது. தாய்ப்பலகையிற் பதிந்துள்ள நிலைபொருள் முதலில் விழித்துத் தொடக்க ஏற்றியைத் தேடிப்பிடிக்கிறது. தொடக்க ஏற்றி கருனியை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

லினக்ஸில் இதற்கான கோப்புகள் ‘பூட்’ என்னும் அடைவில் உள்ளன. ‘வீஎம்லினஸ்’ எனத் தொடங்கும் பெயருடையது சுருக்கப்பட்ட கருனி. அதனருகே, அதே பதிப்பெண்ணைத் தாங்கி, தொடக்கத்துக்கு மட்டும் உதவும் தற்காலிகக் கோப்பு முறைமையொன்று இருக்கும். வன்தட்டைப் படிப்பதற்குரிய செலுத்திகள் வன்தட்டிலேயே இருப்பின் அவற்றை எதனைக்கொண்டு படிப்பது? இச்சிக்கலைத் தீர்ப்பதே அதன் பணி. இவ்விரண்டில் ஒன்று குறைபட்டாலும் கணினி பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடும்.

தொடக்க ஏற்றியின் வரலாறு சுவையானது. பழைய கணினிகளில் வட்டின் முதற் கூறு 512 பைட் அளவினது. அதில் நிரலுக்குக் கிடைத்த இடம் 446 பைட் மாத்திரமே. 1992 இல் வேர்ணர் அல்மெஸ்பேர்கர் எழுதத் தொடங்கிய ‘லைலோ’, கருனி வட்டில் எவ்விடங்களிற் கிடக்கிறது என்ற முகவரிகளையே குறித்து வைத்தது. கருனியை மாற்றிவிட்டு லைலோவை மீண்டும் இயக்க மறந்தவர், மறுநாட் காலையில் உயிரற்ற கணினியின் முன் அமர நேர்ந்தது. 1995 இல் எரிக் போலின் தொடங்கிய ‘கிரப்’ இவ்வாறன்றிக் கோப்பு முறைமையைத் தானே படித்துக் கருனியைப் பெயரால் தேடவல்லது. இன்று பெருவழக்காயுள்ளது அதன் இரண்டாம் தலைமுறையாகும்.

நடைமுறையில் இடையூறு தருவது இடப்பற்றாக்குறையே. ‘பூட்’ தனிப் பிரிவாக அமைந்த கணினிகளில் ஒவ்வோர் இற்றைப்படுத்தலும் புதிய கருனியொன்றைச் சேர்க்க, பிரிவு நிரம்பிவிடுகிறது. நிரம்பிய நிலையில் புதியது பாதியில் எழுதப்படின் அடுத்த தொடக்கம் தோல்வியுறும். இதற்கஞ்சிக் கோப்புகளைக் கையால் அழிப்போர் உளர். அது தவறான வழி. எக்கருனி இப்போது இயங்குகிறது என்பதை ‘யூநேம்’ கட்டளையால் முதலில் அறிந்து, அதனையும் நன்கு இயங்கிய முந்தியதொன்றையும் விடுத்து, ஏனையவற்றைப் பொதி முகாமை நிரல் வாயிலாகவே நீக்குதல் வேண்டும். பெடோரா மூன்று கருனிகளை இயல்பாகவே வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பு வந்ததும் பழைய ஏட்டை எறிந்துவிடுபவர் நல்ல பதிப்பாசிரியராக முடியாது என்பதை நம் துறையினர் அறிவர், இங்கும் அஃதே. அவ்வாறே கிரப்பின் பட்டியற் கோப்பை நேரே திருத்துவதும் வீண். அது தானியங்கியாக ஆக்கப்படுவது. விருப்புகளை உரிய அமைவுக் கோப்பில் எழுதி, டெபியன் வழிவந்தவற்றில் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இயக்கினாற் போதும்.

இனி, தொடக்கத்திற் கூறிய நிகழ்ச்சிக்கு வருவோம். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதலாகப் பரவிய ‘பாதுகாப்பான தொடக்கம்’ என்னும் ஏற்பாட்டின்படி, ஏற்கப்பட்ட இலக்கக் கையொப்பமுள்ள நிரல்களை மாத்திரமே நிலைபொருள் இயக்கும். சந்தைக்கு வரும் கணினிகள் பெரும்பாலானவற்றில் அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி மைக்ரோசொப்ற்றினுடையது. ஆகவே லினக்ஸ் விநியோகங்களும் ‘ஷிம்’ என்னும் சிறு நிரலொன்றில் அந்நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெற்று, அதன் வழியே கிரப்பையும் கருனியையும் தொடக்குகின்றன. 2024 இன் இற்றைப்படுத்தல், கிரப்பில் 2022 இல் அறியப்பட்ட ஓட்டையொன்றை அடைக்கும் நோக்கில், பழைய பதிப்புகளை ஏற்கலாகாது என நிலைபொருளின் நினைவகத்தில் எழுதிற்று. ஓட்டை மெய்யானது, மறுப்பதற்கில்லை. எனினும் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதே நமது வினா. பாதிக்கப்பட்டோர் பாதுகாப்பான தொடக்கத்தை நிலைபொருளில் முடக்கி, லினக்ஸினுட் புகுந்து, ‘மொக்யூட்டில்’ கருவியால் அக்கொள்கையை நீக்கிய பின்னர் மீண்டும் அதனை இயக்கிக்கொண்டனர்.

இதனைத் தனிமனித சுதந்திரப் பிரச்சினையாக மாத்திரம் நோக்குவோர் பாதியையே காண்கின்றனர். கருனி யாவர்க்கும் பொதுவானது எனினும் அதன் பெரும்பகுதி இன்று நிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியியலாளரின் உழைப்பால் ஆவது. பொதுமையான ஆக்கத்தைத் தனியார் வாயிலில் நிறுத்திச் சோதிக்கும் நிலை உற்பத்தி உறவுகளிலிருந்தே எழுகிறது. 2007 இல் வெளிவந்த மூன்றாவது குனூ பொது உரிமம், திருத்திய மென்பொருளை இயங்கவிடாத நுகர்வுச் சாதனங்களைத் தடுக்க முனைந்தது. லினஸ் தோர்வால்ட்ஸ் அதனை ஏற்காது கருனியை இரண்டாம் உரிமத்திலேயே வைத்திருந்தார்.

விண்டோஸ் 8 காலத்து விதிகள், இன்ரெல் வழிச் செயலியுடைய கணினிகளில் இவ்வேற்பாட்டை உரிமையாளர் முடக்கவும் தம் சாவியைச் சேர்க்கவும் இடமிருத்தல் வேண்டும் என்றன. ஆம் செயலியுடையவற்றில் முடக்குதல் விலக்கப்பட்டது. 2015 இல் விண்டோஸ் 10 வந்தபோது முடக்கும் வசதி உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆதலின் புதிய கணினி வாங்குவோர், விலையை விசாரிக்கும்போதே, நிலைபொருளின் அமைவுப் பக்கத்தைத் திறந்து அத்தெரிவு உண்டா எனப் பார்த்துக்கொள்வது நன்று.