சுவால்பார்டு பனியாற்றுப் பெயர்களும் தமிழாக்கமும்

நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் உள்ள சுவால்பார்டு தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பனியாறுகளால் மூடப்பட்டுள்ளது. அதன் மிகப் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். 'கூர்மலைகள்' எனப் பொருள்படும் இப்பெயர், 1596-இல் அங்குச் சென்ற டச்சு மாலுமி பேரண்ட்ஸின் பயணத்தோடு வந்ததாகும். தீவின் வடமேற்குக் கரையில், ஏறத்தாழ 79 பாகை வட அகலாங்கில், கோங்ஸ்ஃபியோர்டு என்னும் கடற்கழி உள்ளது. அதன் கரையில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008-இல் திறக்கப்பட்டது. ஆதலின், இப்பகுதியின் பனியாற்றுப் பெயர்களைத் தமிழில் எழுதும் தேவை எழுந்துள்ளது.

நார்வீஜிய மொழியில் 'ப்ரே' என்பது பனியாறு. 'என்' என்பது சொல்லின் இறுதியில் ஒட்டும் சுட்டு விகுதி. இரண்டும் சேர்ந்து 'ப்ரேயென்' ஆகிறது. 'க்ரோனெப்ரேயென்' என்பதன் பொருள் 'மகுடப் பனியாறு'. இதனைக் 'க்ரோனெப்ரேயென் பனியாறு' என எழுதினால் பொதுச்சொல் இரட்டிக்கிறது. 'பாலாறு நதி' என்பதில் உள்ள மிகையே இது.

அடைமொழிகளிலும் கவனம் தேவை. ஸ்வீடன் நாட்டு விலங்கியலார் ஸ்வென் லொவேன் பெயரில் அருகருகே மூன்று பனியாறுகள் உள்ளன. 'வெஸ்த்ரே' (மேற்கு), 'மித்ரே' (நடு), 'ஔஸ்த்ரே' (கிழக்கு) என்னும் முன்சொற்களே அவற்றை வேறுபடுத்துகின்றன. நடுப் பனியாற்றின் பனித்திரள் வரவுசெலவு 1968 முதல் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு வருகிறது. முன்சொல்லை விடுத்து 'லொவேன் பனியாறு' என மொழிபெயர்த்தால், அந்த அளவீடுகள் எதற்குரியவை என்பது புலப்படாமற் போகும்.

இதற்கு நேர்மாறானது கோங்ஸ்வேகென். இதன் நேர்ப்பொருள் 'அரசன் பாதை'. பனியாறு என்னும் சொல்லே இதில் இல்லை. ஆயினும் இது க்ரோனெப்ரேயெனுடன் இணைந்து கடற்கழியின் தலைப்பகுதியில் முடியும் ஒரு பனியாறே. 'அரசன் பாதை' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் சாலை ஒன்றையே எண்ணுவர். எனவே இங்குப் 'பனியாறு' எனச் சேர்த்தல் மிகையன்று; இன்றியமையாதது.

ஆகவே, பொதுச்சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்கு ஒரே விதி பொருந்தாது. பெயரைப் பகுத்து, உள்ளே அச்சொல் இருப்பதை அறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். முதல் வழக்கில் மூலப்பெயரை முழுமையாக ஒலிபெயர்த்து, 'மித்ரே லொவேன்ப்ரேயென் (நடு லொவேன் பனியாறு)' என்றாற்போலப் பொருளை உடன் தருவது தக்கது. நிலப்படத்தில் தேடுவோர்க்கு ஒலிவடிவமும், கட்டுரையைப் படிப்போர்க்குப் பொருள்வடிவமும் பயன்படும்.