மோட்டார் வண்டிக் குளிரூட்டியில் எழும் பூஞ்சண வாடை

வண்டியின் கதவைத் திறந்து குளிரூட்டியை இயக்கியதும் முகத்தில் முதலில் வந்து மோதுவது குளிர்ச்சியன்று. நனைந்த சாக்கின் வாடை. மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர் பலர் இதனை அறிவர். அறிந்தும், முன் கண்ணாடியருகே மல்லிகை மணக்கும் குப்பியொன்றைத் தொங்கவிட்டு அமைதியடைகின்றனர். அக்குப்பி வாடையை மறைக்குமேயன்றி அதன் காரணத்தைத் தீண்டாது. அவ்வண்டியிலே தொய்வு நோயுடைய சிறுவரும் செல்வராயின், பூஞ்சணத்தோடு செயற்கை மணமும் சேர்ந்து அவர்தம் மூச்சுக்கு இரட்டைத் தொல்லையாகும். ஆதலின் வாடை பிறக்குமிடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

கல்லூரி ஆய்வுகூடத்தில், ஈதர் கொண்டு குளிர்வித்த வெள்ளிக் குழாயின் மேற்பரப்பு மங்கிய கணத்தில் வெப்பமானியை நோக்கிப் பனிபடுநிலையைக் குறித்தோமன்றோ? அதே நிகழ்ச்சியே வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின்னாலும் நடைபெறுகின்றது. அங்கே ஆவியாக்கி என்னும் உறுப்பு உண்டு. மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருங்க அடுக்கப்பெற்ற அதனுள்ளே குளிராக்கும் திரவம் ஆவியாகுங்கால், தகடுகளின் வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகையே மேலாக நிற்கும். எமது நாட்டு வளியோ ஈரம் மிக்கது. 30 பாகை செல்சியசு வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள வளியின் ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். 5 பாகைக்குக் குளிர்ந்த வளி 7 கிராமுக்கு மேல் தாங்காது. எஞ்சிய 16 கிராமும் தகடுகளின் மேல் நீராய்ப் படிந்தே தீரும். ஓடிவந்து நின்ற வண்டியின் கீழே சொட்டும் நீர் இதுவே. அது கண்டு வண்டி பழுதுபட்டதென அஞ்சவேண்டியதில்லை, சொட்டாதுவிடினே அஞ்சவேண்டும்.

எந்திரத்தை நிறுத்தியதும் நனைந்த தகடுகள் இருளில் மெல்லச் சூடேறுகின்றன. தூசி, மகரந்தம், இலைத் துகள் ஆகியவை அவற்றில் ஒட்டியிருக்கும். ஈரமும் இருளும் இளஞ்சூடும் உணவும் ஓரிடத்தே கூடினால் பூஞ்சணமும் பற்றீரியாக்களும் குடியேறுதற்கு வேறென்ன வேண்டும்? அவை வழுவழுப்பான படலமாகப் பரவி, மணமுள்ள ஆவிகளை வெளிவிடுகின்றன. முதல் மழையில் நிலத்திலிருந்து எழும் மண்வாசனைக்குக் காரணமாகியதும் 1965ஆம் ஆண்டிலே பெயரிடப்பெற்றதுமான ஜியோசுமின் அத்தகைய பொருள்களுள் ஒன்று. நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைவாயினும் அதனை மனித மூக்கு அறிந்துகொள்ளும். வயலில் இன்பந்தரும் வாசனை வண்டியுள் அருவருப்பாவது வியப்பே!

பரிகாரத்தில் முதலாவது, நீர் வெளியேறும் குழாயைச் சோதித்தலாகும். குளிரூட்டி நெடுநேரம் இயங்கியும் வண்டியின் கீழே ஈரமின்றி, முன்னிருக்கையின் காலடி விரிப்பு நனைந்திருப்பின், குழாய் அடைபட்டுள்ளது. அதனை மெதுவாகக் காற்றூதித் திறக்கலாம். கூரிய கம்பியை ஆழச் செலுத்துதல் தகாது. ஆவியாக்கியில் துளை விழுந்தால் செலவு பன்மடங்காகும். நனைந்த விரிப்பையும் அதன் கீழுள்ள பஞ்சினையும் வெளியே எடுத்து வெயிலில் உலர்த்துக.

அடுத்தது வளி வடி. பெரும்பாலான வண்டிகளில் இது முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியின் பின்னால் இருக்கும். புழுதி மிக்க வீதிகளில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கொரு முறையேனும் புதியது இடுதல் நன்று. கழுவி மீண்டும் இடுதல் சிக்கனமன்று. ஈரங்காயாத கடதாசி வடி தானே பூஞ்சணத்துக்கு வீடாகும்.

இவ்விரண்டும் செய்தபின்னும் வாடை நீங்காதாயின் ஆவியாக்கியைக் கழுவவேண்டும். அதற்கெனவே விற்கப்பெறும் நுரை மருந்தை, எந்திரத்தை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட வழியாகச் செலுத்தினால் அழுக்கு கரைந்து கீழே ஒழுகும். பின்னர் கதவுகளைத் திறந்துவைத்து விசிறியை ஓட்டுக. குளோரீன் சேர்ந்த வெளிற்றும் நீரை ஒருபோதும் பயன்படுத்தலாகாது, அலுமினியத்தை அரித்துவிடும். முகப்புப் பலகை முழுவதையும் கழற்றவேண்டுமெனத் தொடக்கத்திலேயே கூறும் கராசுக்காரரும் உளர். அது இறுதி வழியாகுமேயன்றி முதல் வழியன்று. ஓசோன் வாயுவை நிரப்பி நாற்றம் போக்குவோரும் உளர். அவ்வாயு நுரையீரலுக்குக் கேடு. அது செலுத்தப்படும்போது வண்டியுள் எவரும் இருத்தல் கூடாது. பின்னரும் நெடுநேரம் காற்றாட விடவேண்டும். தகடுகளின் ஈரத்தை அதுவும் உலர்த்துவதில்லை.

உலர்த்துதலே இங்கு உயிர்நாடி. இல்லம் சேர்வதற்கு ஐந்து முதல் பத்து நிமிடங்களின் முன்னர் குளிராக்கும் பொத்தானை மட்டும் அணைத்து, வெளிவளி உள்ளே வருமாறு திருப்பி, விசிறியை விரைவாக ஓடவிடுக. தொடக்கத்தில் தகடுகள் இன்னும் குளிர்ந்திருத்தலால் மேலும் சிறிது நீர் படியும். அவை சூடேறிய பின்னரே உலர்தல் தொடங்கும். ஆதலின் ஒரு நிமிடம் செய்து பயனில்லையெனக் கைவிடுதல் தவறு. சில புதிய வண்டிகள், எந்திரம் நின்றபின் தாமே விசிறியை ஓட்டி இவ்வேலையைச் செய்துகொள்கின்றன.

மாரி காலத்தில் வெளிவளியே நனைந்திருக்கும். அப்போது இம்முறை அரைப்பயனே தரும். யப்பானிலிருந்து வந்த வண்டிகளில் சூடாக்கியும் உண்டு. எமது நாட்டில் அதனைத் தொடுவார் அரியர். குளிராக்கலை அணைத்து, உள்வளியே சுழலுமாறு வைத்துச் சூடாக்கியைப் பத்து நிமிடம் இயக்கினால், வெப்ப வளி ஆவியாக்கியின் ஊடாகத் திரும்பத் திரும்பச் செல்லும். பின்னர் கண்ணாடிகளை இறக்கி ஈர ஆவியை வெளியேற்றுக. வியர்வை சிந்தினாலும் பலன் உண்டு. ஆயின் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தியே இதனைச் செய்க. மூடிய கொட்டகையில் எந்திரத்தை ஓடவிடல் உயிருக்கு ஆபத்து.

வாடை பூஞ்சணத்தினதாயின் இவை போதும். பாகு போன்ற இனிப்பு வாடை எழுந்து, முன் கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலமும் தோன்றினால், சூடாக்கியினுள் எந்திரக் குளிர்நீர் கசிகின்றதென ஐயுறல் வேண்டும். பெற்றோல் வாடையாயின் ஒரு நாளும் தாமதித்தலாகாது. அவற்றை வீட்டில் நின்று திருத்த முயலாது, வண்டியை நேரே கராசில் ஒப்படைக்குக.